லினக்ஸின் பேஜ் ஓனர்: ஓசூர் போர்டுக்காரர்களுக்குத் தேறுமா?

ஓசூர் சிப்காட் பக்கம் லினக்ஸ் போர்டில் கேட்வே, கன்ட்ரோலர் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல: சில நாள் நன்றாக ஓடும், பிறகு மெமரி தீர்ந்து போர்டு விழும். மெமரியின் சிறு துண்டான பேஜை வாங்கிய டிரைவர் எது என்று காட்ட, லினக்ஸின் மையமான கெர்னலோடு இலவசமாகவே வருகிறது பேஜ் ஓனர். அதிகாரப்பூர்வ கெர்னலான மெயின்லைனில் 3.19 பதிப்பிலிருந்து உண்டு.

கெர்னல் கான்ஃபிக்கில் சேர்த்தால் மட்டும் போதாது; பூட் வரியில் ‘பேஜ்_ஓனர்=ஆன்’ வேண்டும். இல்லாவிட்டால் கெர்னலின் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் இதன் பதிவுக் கோப்பே தோன்றாது. ஆன் செய்யாதவரை செலவு ஏறக்குறைய இல்லை என்பதால், அனுப்பும் போர்டிலும் கட்டியே வைக்கலாம். ஆன் செய்தால், புதிய 64 பிட் கெர்னல்களில் ஒரு 4 கேபி பேஜுக்குச் சுமார் 70 பைட். 256 எம்பி போர்டில் 65,536 பேஜ். 4 எம்பிக்கு மேல் போய்விடும். பேஜைக் கேட்ட ஃபங்ஷன்களின் அழைப்பு வரிசையான ஸ்டாக் விவரங்களுக்கு இடம் தனி.

கோப்பை போர்டின் டிஎம்பி அடைவில் சேமிக்காதீர்கள். அது பெரும்பாலும் ரேமிலேயே இருக்கும். அளக்கப் போன மெமரியை அதுவே தின்னும். எஸ்எஸ்ஹெச் வழியாக நேரே கணினிக்கு இழுத்து, கெர்னல் மூலத்தோடு வரும் பேஜ்_ஓனர்_சார்ட்டை ‘-எம்’ போட்டு ஓட்டினால் அதிக மெமரி வைத்திருக்கும் ஸ்டாக் மேலே வரும். ஒரே பதிவை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இடைவெளி விட்டு இரண்டு எடுத்து, வளர்ந்துகொண்டே போகும் ஸ்டாக்கைப் பாருங்கள்.

பெரிய குறை ஒன்று. மாந்தோப்பின் முதல் கிரயப் பத்திரம் கிடைக்கும், இன்று அனுபவிப்பவர் யாரென்று அதில் இருக்காது. இதுவும் அப்படித்தான். ஒரு டிரைவர் ஒதுக்கிய பேஜில் இன்னொன்று கெட்_பேஜ் போட்டுப் பிடித்துக்கொண்டு, அதை விடும் புட்_பேஜை மறந்தால், பட்டியலில் நிற்பது ஒதுக்கிய அப்பாவி. அந்த வகைக்கு, இப்படிப் பிடிப்பதையும் விடுவதையும் பதியும் பேஜ்_ரெஃப் டிரேஸ் நிகழ்வுகள்தான் சரி. கெர்னலுக்குள் சிறு அளவு மெமரி வாங்கும் கேமல்லாக்கின் கசிவிலும் இது ஏமாற்றும்: அதை வெட்டித் தரும் பேஜ் தொகுப்பான ஸ்லாப் புதிதாகத் தேவைப்பட்ட நேரத்தில் கேட்டவர் பெயரே பதிவாகும். அங்கே கெர்னலின் இன்னொரு கசிவுக் கருவியான கேமெம்லீக்கை எடுங்கள். பதிவில் இருக்கும் பிஐடியையும் (பிராசஸ் எண்) அப்படியே நம்பாதீர்கள். அந்தப் பிராசஸ் எப்போதோ முடிந்து, எண் வேறொன்றுக்குப் போயிருக்கலாம்.

கசிவுக்கு நான்கு நட்சத்திரம் தரலாம். ஆனால் ஒரே பேஜ் இரண்டு பிராசஸுக்கு எழுதும் உரிமையோடு தவறாகப் போய்ச் சேர்வதை இது தடுக்காது. அதற்கு 5.17இல் வந்த பேஜ் டேபிள் செக் உண்டு. தப்பான மேப்பிங்கைக் கண்டதும் கெர்னலையே நிறுத்திவிடும். ஆனால் 32 பிட் ஆர்ம் போர்டில் அது கிடைக்காது.