டிவி பூஸ்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டிச் சிற்றலை பூஸ்டராக விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

"வீட்டுக்குள்ளேயே சிற்றலை (ஷார்ட்வேவ் வானொலி) தெளிவாகக் கேட்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையக் கடை ஒன்றில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கிய பூஸ்டர் இது. கூடுதலாக ஒரு நிலையம்கூடக் கிடைக்கவில்லை. பெட்டியின் மேல் '0.5–30 மெகாஹெர்ட்ஸ்' என்று ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் பெயர்த்தால் அடியில் பழைய அச்சு தெரிகிறது: '47–862 மெகாஹெர்ட்ஸ்'. கேபிள் டிவிக்குப் போடும் பூஸ்டரேதான்.

உள்ளே சிக்னல் நுழையும் இடத்தில் 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. டிவி அலைவரிசைக்கு அது போதும். சிற்றலையின் 49 மீட்டர் பேண்டில், அதாவது 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அதே கெப்பாசிட்டர் ஏறத்தாழ 800 ஓம் தடையாக நிற்கும். 75 ஓம் கேபிளில் வரும் சிற்றலை சிக்னலில் பெரும்பகுதி அங்கேயே தேய்ந்துபோகும்.

ஆனாலும் ரேடியோவின் சிக்னல் மீட்டர் இரண்டு கட்டம் ஏறுகிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான். ஏறியது நிலையம் அல்ல, கூடவே தந்த மலிவு அடாப்டரின் இரைச்சல். சோதிப்பது எளிது: நிலையமே இல்லாத அலைவரிசையில் ரேடியோவை வைத்து, பூஸ்டரின் அடாப்டரைப் பிடுங்குங்கள். மீட்டர் இறங்கினால் அவ்வளவும் இரைச்சல்தான்.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் "மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள்" என்றார். பிறகு, ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார். அதனால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி இணையக் கடை புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பூஸ்டர் அசலாகவே இருந்தாலும் வீட்டுக்குள் பெரிதாக உதவாது. எல்ஈடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், வைஃபை ரூட்டரின் அடாப்டர் எல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சல்தான் அங்கே சிக்கல். பூஸ்டர் அதையும் சேர்த்தே பெருக்கும். முதலில் ரேடியோவை பேட்டரியில் ஓட்டுங்கள். மெயின் ஸ்விட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். பிறகு எம்சிபிக்களை (மின் பெட்டியில் உள்ள சிறு பிரேக்கர் ஸ்விட்சுகளை) ஒவ்வொன்றாகப் போட்டால் எந்த அறை என்று பிடிபடும். அங்கே இரைச்சல் எழுப்பும் அடாப்டரின் வயரை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட்டுக்குள் வயர் ஒரே முறை நுழைவதால், சிற்றலையில் பலன் மிகக் குறைவு.

கான்கிரீட் வீட்டில் கம்பிகள் சிக்னலை மறைப்பதால் ஜன்னல் ஓரம்தான் நல்ல இடம். ஐந்து முதல் ஏழு மீட்டர் சாதாரண இன்சுலேட்டட் வயரை, மின் வயர்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஜன்னலை ஒட்டி இழுத்துக் கட்டுங்கள். இரும்பு கிரில்லில் சுற்ற வேண்டாம். மறுமுனையை முதலை கிளிப்பால் ரேடியோவின் ஆன்டெனாவில் கவ்வினால் போதும், செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. இருபது மீட்டர் போட்டால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று நீட்டாதீர்கள். சிறிய ரேடியோ திணறி, ஒரே நிலையம் நான்கு இடங்களில் கேட்கத் தொடங்கும். அப்படி ஆனால் வயரைக் குறையுங்கள், அல்லது ரேடியோவில் சிக்னலைக் குறைத்து வாங்கும் 'லோக்கல்' ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள்.