ரன்னிங் பேக்கா, முன்வரிசையா: ஓட்ட ஆட்டத்துக்கான பணம் எங்கே போக வேண்டும்?

பந்தை ஏந்தி ஓடும் ஆட்டத்தை வலுப்படுத்த விரும்பும் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிக்கு இரண்டு வழிகள் உள்ளன. பேர்பெற்ற ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) ஒருவரைப் பெரிய ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது அவருக்கு முன்னால் நின்று வழி திறக்கும் ஐவரான ஆஃபென்சிவ் லைனில் அந்தப் பணத்தைப் போட்டுவிட்டு, ஓடுவதற்குக் குறைந்த சம்பளத்தில் கிடைக்கும் இளைஞர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். 2024ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குவதற்கு முன், நிஜ வீரர்களின் ஆட்டக் கணக்கை வைத்து நண்பர்களுடன் ஆடும் ஃபேன்டஸி லீக்கின் ஏலத்தில் இதே கேள்வி சிறிய அளவில் என் முன் வந்து நின்றது. ஓடுபவரின் முந்தைய ஆண்டுக் கணக்கைப் பார்த்து வாங்குவதா, அவர் முன்னால் நிற்கப்போகும் ஐவரைப் பார்த்து வாங்குவதா என்று யோசித்து, இரண்டாவதையே தேர்ந்தெடுத்து, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் புதிதாக வந்திருந்த சாக்வான் பார்க்லியை வாங்கினேன். அந்த முடிவுக்காகப் பழைய பருவங்களின் எண்களைப் படித்தபோது உருவான கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் முன்வரிசையின் பக்கம் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

ஓட்ட ஆட்டத்துக்கே இன்று மதிப்பு உண்டா என்ற கேள்வியைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக நாலரை கெஜத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஒரு வீச்சுக்கு, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படும் இழப்பைக் கழித்த பிறகும், ஆறு கெஜத்துக்கு மேலாகவும் கிடைக்கிறது. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கெஜத்துக்கு அப்பால் தடுப்பாளர் தொடக்கூடாது என்று 1978இல் விதி மாறியதிலிருந்தே வீச்சின் கை ஓங்கி வருகிறது. ஆயினும் முன்னிலையைக் காக்க நேரத்தைக் கடத்த வேண்டிய அணிக்கு ஓட்டம் கடிகாரத்தை ஓடவிடுகிறது. தவறிய வீச்சு அதை நிறுத்திவிடுகிறது. 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே மீதமிருக்க, எட்டுப் புள்ளி முன்னிலையோடு எதிரணியின் 22 கெஜக் கோட்டில் பந்தை வைத்திருந்தது. ஒரு முறை ஓடியபின் வீச முயன்ற அந்த அணி, குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டதாலும் ஒரு தண்டனையாலும் பின்னுக்குப் போய், கோல் உதைக்கும் தூரத்தையே இழந்தது. இறுதியில் 28-3 என்ற முன்னிலையிலிருந்து 34-28 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. தேவையான கட்டத்தில் நம்பி ஓட முடிகிற அணிக்கும் முடியாத அணிக்கும் உள்ள வேறுபாடு பருவச் சராசரிகளில் முழுமையாகத் தெரிவதில்லை. ஆகவே ஓட்டம் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதை எப்படி வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

ஒரே முன்வரிசைக்குப் பின்னால் வெவ்வேறு ஆட்கள் ஓடிய காலத்தைப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இதற்குக் கிடையாது. ஈகிள்ஸ் அணி அதைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நடத்திக் காட்டியிருக்கிறது. 2022இல் அங்கே மைல்ஸ் சாண்டர்ஸ் 1,269 கெஜம் ஓடினார், ஓட்டத்துக்கு 4.9 கெஜம். அந்தக் கணக்கை நம்பிக் கரோலைனா பாந்தர்ஸ் அவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த பருவத்தில் அவருடைய சராசரி 3.3 ஆகச் சரிந்து, மொத்தம் 432 கெஜத்தோடு நின்றது. சாண்டர்ஸின் இடத்துக்கு டெட்ராய்ட் லயன்ஸிடமிருந்து சொற்ப விலைக்கு வந்த டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட், 2023இல் 4.6 சராசரியோடு 1,049 கெஜம் ஓடினார். அவரும் நல்ல ஒப்பந்தம் பெற்றுச் சிகாகோ பேர்ஸுக்குப் போனார். அங்கே 2024இல் அவர் சராசரி 3.8. ஸ்விஃப்ட் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்த பார்க்லி, 2023இல் நியூயார்க் ஜயன்ட்ஸில் 3.9 சராசரியோடு 962 கெஜம் ஓடியிருந்தவர், 2024இல் 5.8 சராசரியோடு 2,005 கெஜம் ஓடினார். உள்ளே வந்தவர் உயர்ந்தார், வெளியே போன இருவரும் இறங்கினர். ஓடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தபோது, ஜோர்டன் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன், லேன் ஜான்சன் ஆகியோரும், 2013 முதல் அந்த அணியின் முன்வரிசையைப் பயிற்றுவித்து வந்த ஜெஃப் ஸ்டவுட்லாண்டும் அங்கேயே இருந்தார்கள். ஜேலன் ஹர்ட்ஸ் என்ற, தானும் ஓடக்கூடிய குவார்ட்டர்பேக்கும் மூன்று ஆண்டும் இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அவர் ஓடக்கூடும் என்ற அச்சமே ஒரு தடுப்பாளரைத் தயங்க வைத்துவிடுகிறது.

இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு. 2014இல் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரடெரிக், ஸாக் மார்ட்டின் என்று, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் வந்த மூவர் நின்ற டல்லாஸ் கௌபாய்ஸ் வரிசைக்குப் பின்னால் டிமார்கோ மர்ரி 1,845 கெஜம் ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார். மறு ஆண்டு ஈகிள்ஸ் அவரைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியது. 702 கெஜம்தான் கிடைத்தது. டல்லாஸிலோ, பலரும் முடிந்துபோனவர் என்று கருதிய டேரன் மெக்ஃபேடன் 1,089 கெஜம் ஓடினார். மர்ரி பிறகு டென்னஸி டைட்டன்ஸுக்குப் போய் 1,287 கெஜம் ஓடியதால், அவர் திறமையில் குறை இல்லை என்பது தெளிவு. திறமை உள்ளவரும் பொருந்தாத வரிசைக்குப் பின்னால் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதே இதிலுள்ள செய்தி.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, என் முடிவைத் தீர்மானித்த காரணம் வேறு: கொடுத்த பணத்துக்கு எத்தனை ஆண்டு உழைப்பு கிடைக்கும் என்பது. ரன்னிங் பேக்கின் உடல் ஒவ்வொரு ஓட்டத்திலும் பலபேரின் மோதலைத் தாங்குகிறது. அவருடைய சிறந்த ஆண்டுகள் பெரும்பாலும் டிராஃப்டில் வந்த முதல் ஒப்பந்தக் காலத்திலேயே, அதாவது குறைந்த சம்பளத்தில் ஓடும் நான்கைந்து ஆண்டுகளிலேயே, செலவாகிவிடுகின்றன. ஆகவே இரண்டாவது ஒப்பந்தம் கொடுக்கும் அணி வருங்கால உழைப்பை வாங்குவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் கடந்தகால உழைப்புக்குப் பணம் கொடுக்கிறது. டாட் கர்லியின் வரலாற்றை இந்த இடத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் 2016இல் அவருடைய சராசரி 3.2 கெஜம் மட்டுமே. அடுத்த ஆண்டு ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 35 வயது ஆண்ட்ரூ விட்வொர்த் முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் இடது டாக்கிளாக வந்தார். கர்லியின் சராசரி 4.7 ஆகி, ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2018 ஜூலையில் நான்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர், அதில் 4.5 கோடி உத்தரவாதம் என்று நீட்டிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பருவத்தின் இறுதியிலேயே அவருடைய முழங்கால் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. அவருக்கு மாற்றாக, அதே ஆண்டு இரண்டு அணிகளால் விடுவிக்கப்பட்டிருந்த சி.ஜே. ஆண்டர்சனை டிசம்பரில் சேர்த்தார்கள். அவர் அதே வரிசைக்குப் பின்னால் நின்று முதல் இரண்டு ஆட்டங்களில் 167, 132 என்றும், பிளே-ஆஃபில் டல்லாஸுக்கு எதிராக 123 என்றும் ஓடினார். கர்லிக்கோ, 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் கிடைத்தது பத்து ஓட்டங்களில் 35 கெஜம். 2020 மார்ச்சில், அந்த நீட்டிப்பின் முதல் பருவம் தொடங்கும் முன்பே, ராம்ஸ் அவரை விடுவித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 25. இடது பக்கம் நின்ற விட்வொர்த்தோ 2022 பிப்ரவரியில் தம்முடைய 40ஆம் வயதில் ராம்ஸ் அணியோடு சூப்பர் பௌல் வென்று ஓய்வு பெற்றார்.

கர்லியைத் தனி விபத்து என்று ஒதுக்க முடியாது. 2019இல் ஆறு ஆண்டுக்கு 9 கோடி டாலர் நீட்டிப்புப் பெற்ற எசக்கியல் எலியட், அதன்பின் ஓடியது முறையே 1,357, 979, 1,002, 876 கெஜம்; 2023 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அவருடைய கடைசி டல்லாஸ் பருவத்தில், நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட டோனி பொல்லார்டு ஓட்டத்துக்கு 5.2 கெஜம் என்று 1,007 கெஜம் ஓடினார். வரிசையில் நிற்பவர்களின் ஆயுள் வேறு வகையானது. ஜேசன் கெல்ஸ் 13 பருவங்கள் ஈகிள்ஸுக்கே ஆடினார். லேன் ஜான்சன் 34ஆம் வயதில் 2024 வாகையர் அணியின் வலது பக்கத்தைத் தாங்கினார். அவர்களுக்கும் காயங்கள் வருகின்றன; ஆனால் ஐவரில் ஒருவர் விழுந்தால் நால்வர் மிஞ்சுகின்றனர். முன்வரிசைக்குப் போகும் பணம் ஓட்டத்துக்கு மட்டும் போவதில்லை என்பதையும் சேர்த்தால் கணக்கு மேலும் சாய்கிறது: அதே ஐவர்தான் குவார்ட்டர்பேக்கையும் காக்கிறார்கள். 2024இல் ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு 25.54 கோடி டாலர். அதற்குள் 53 பேருக்குப் பங்கிட வேண்டிய மேலாளருக்கு, இரண்டு வேலை செய்யும் பணமே நல்ல பணம்.

எதிர்ப்பக்க வாதத்துக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். முன்வரிசை கொடுப்பது முதல் நாலைந்து கெஜம்; அதற்கு அப்பால் கிடைப்பது ஓடுபவரின் சொந்தச் சம்பாத்தியம். 2025 ஜனவரியில் கொட்டும் பனியில் ராம்ஸுக்கு எதிராகப் பார்க்லி 62, 78 கெஜ டச்டவுன்களோடு மொத்தம் 205 கெஜம் ஓடியதைப் பார்த்த எவரும், அந்த இடத்தில் சாண்டர்ஸோ ஸ்விஃப்டோ இருந்திருந்தால் அதே முடிவு வந்திருக்கும் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். டெரிக் ஹென்றி 30 வயதில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு வந்து 1,921 கெஜம் ஓடினார். வயதுக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. பந்தைப் பிடிக்கவும் தெரிந்த கிறிஸ்டியன் மெக்காஃப்ரி போன்றவரை வெறும் ஓட்டக்காரராக எடைபோடுவதும் தவறு. 2024இல் அவர் காயத்தால் நான்கே ஆட்டங்கள் ஆடினார். டிராஃப்டில் எவரும் எடுக்காத ஜோர்டன் மேசன் அவர் இடத்தில் 5.2 சராசரியோடு 789 கெஜம் ஓடினார். ஓட்டக் கணக்கில் இழப்புப் பெரிதாகத் தெரியவில்லை. ஆயினும் அவர்களுடைய அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அந்தப் பருவத்தை 6 வெற்றி, 11 தோல்வி என்று முடித்தது. அந்தச் சரிவில் மெக்காஃப்ரி இல்லாததன் பங்கு எவ்வளவு, மற்றவர்களின் காயங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை. களத்தில் ஆடியவனல்லன் நான். முன்வரிசையின் கால் அசைவுகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பார்வையாளனின் கருத்தே.

நட்சத்திர ஓட்டக்காரரை, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறும் ஒரே மார்ச் மாதத்தில் வாங்கிவிடலாம், நல்ல முன்வரிசையைக் கட்ட ஆண்டுகள் ஆகும் என்பதும் உண்மை. மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018இல் ஏழாம் சுற்றில் எடுத்து, பொறுமையாகப் பழக்கிய பிறகே அவர் இடது டாக்கிள் ஆனார். அந்தப் பொறுமை எல்லா அணிக்கும் வாய்ப்பதில்லை. ஒரே பருவத்தில் 2,000 கெஜம் கடந்த ஒன்பது பேரில் அதே ஆண்டு சூப்பர் பௌல் வென்றவர்கள் டெரல் டேவிஸும் பார்க்லியும் மட்டுமே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டேவிஸ் 1995இல் ஆறாம் சுற்றில் வந்தவர். 1999இல் அவர் முழங்கால் காயத்தால் வெளியேறியபோது, டென்வர் பிராங்கோஸ் வரிசைக்குப் பின்னால் ஒலாண்டிஸ் கேரி 1,159 கெஜமும், மறு ஆண்டு மைக் ஆண்டர்சன் 1,487 கெஜமும், இருவருமே தங்கள் முதல் பருவத்தில் ஓடினார்கள்.

ஈகிள்ஸ் இரண்டு பக்கமும் செலவிட்டதே என்று கேட்கலாம். விலைகளை அருகருகே வைத்தால் அணி எதை முதன்மையாகக் கருதியது என்பது தெரியும். 2024 வசந்தத்தில் பார்க்லிக்கு மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர், அதே சமயம் முன்வரிசையில் கார்டு என்ற இடத்தில் நிற்கும் டிக்கர்சனுக்கு நான்கு ஆண்டுக்கு 8.4 கோடி, மைலாட்டாவுக்கு மூன்று ஆண்டுக்கு 6.6 கோடி. வரிசை முதலில், ஓட்டக்காரர் அதன்மேல் என்ற அந்த வரிசைமுறையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். வரிசை இல்லாத அணி பார்க்லியை வாங்குவதை அல்ல. 2025 மார்ச்சில், 28 வயதில், ஆண்டுக்கு இரண்டு கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக்காக அவர் ஆனபோது எனக்குத் தயக்கம் ஏற்பட்டது. அதன்பின் வந்த பருவத்தில் டிக்கர்சன், ஜான்சன் முதலியோரைக் காயங்கள் வாட்ட, பார்க்லியின் சராசரியும் முந்தைய ஆண்டிலிருந்து வெகுவாகக் கீழே இறங்கியது. அதில் வயதின் பங்கும் வரிசையின் பங்கும் கலந்திருக்கின்றன; 2024இல் அவர் சுமந்த 345 ஓட்டங்களின் களைப்பும் இருக்கலாம். அடுத்த ஏலத்தில் நான் முதலில் பார்க்கப்போவது அந்த ஐவரின் உடல்நிலையைத்தான்.