மாடித்தோட்டத்துக்கு எந்த வேப்பெண்ணெய் வாங்கலாம்? மூன்றையும் அடித்துப் பார்த்த அனுபவம்

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, செம்பருத்தி எல்லாம் இருக்கின்றன. ஆடிப்பட்டத்திலிருந்து மூன்று விதமான வேப்பெண்ணெயைப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, செக்குக்கடையில் ஆட்டியது. இன்னொன்று, ஆன்லைனில் வரும் "நீரில் கரையும்" புட்டி. மூன்றாவது, பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கும் 10000 பிபிஎம் அசாடிராக்டின் புட்டி. அசாடிராக்டின் என்பது வேம்பில் இருக்கும் வீரியப் பொருள், பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் அது எத்தனை பங்கு என்ற அளவு.

முதலில் செக்கு எண்ணெய். கடைக்காரத் தம்பி அளந்து ஊற்றும் முன் "விளக்குக்காங்க, செடிக்காங்க அக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கடையை எனக்குப் பிடித்துப்போயிற்று. விளக்கு எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் வேறு எண்ணெய்கள் கலந்திருக்கும், செடிக்கு ஆகாது. நல்ல எண்ணெய் பழுப்பாக, கசப்பு நெடியோடு, பூண்டு வாசனை கலந்து இருக்கும். மார்கழிக் காலையில் புட்டிக்குள் நெய் போல உறைந்து நிற்கும். தெளிவாக, வாசனையே இல்லாமல் இருந்தால் அது சுத்திகரித்த எண்ணெய். அதில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இதைக் கலப்பதில் கொஞ்சம் வேலை இருக்கிறது. காதி சோப்பைச் சீவி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, எண்ணெயை அதில் ஊற்றிப் பால் போல ஆகும்வரை அடிக்க வேண்டும். அப்புறம்தான் மீதித் தண்ணீர். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். தண்ணீரில் நேராக ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, தெளிப்பானில் கடைசியில் வருவது முழுக்க எண்ணெயாக இருக்கும், இலை கருகிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், சில செடிகளுக்கு அதுவே காரம். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் குறைந்துவிடும்.

மூன்றிலும் எனக்குக் கோபம் வந்தது ஆன்லைன் புட்டியின் மேல்தான். முன்பக்கம் "எல்லாப் பூச்சிகளுக்கும் எல்லா நோய்களுக்கும்" என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் என்று இல்லை, தயாரித்த தேதி இல்லை, பதிவு எண் இல்லை. பூச்சிமருந்தாக விற்கும் எதற்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், வேம்பும் அதில் அடக்கம். ஊற்றினால் அழகாக வெள்ளையாகக் கரைகிறது, உண்மைதான். ஆனால் அவரைக் கொடியில் அப்பியிருந்த கறுப்பு அசுவினிப் பூச்சி அசையவே இல்லை. அதே கொடியின் அடுத்த கிளையில் செக்கு எண்ணெய் அடித்ததில் ஒரு வாரத்தில் நன்றாகக் குறைந்தது.

பூச்சிமருந்துக் கடைப் புட்டி விலை கூடுதல். ஆனால் லிட்டருக்கு 2 மில்லிதான் செலவு, சோப்பு கரைக்கும் வேலையும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வசதி. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கும் இலைப்பேனுக்கும் செக்கு எண்ணெயைவிட இது ஒருபடி மேல் என்பது என் கணிப்பு.

எந்தப் புட்டியானாலும் வேம்பு அடித்தவுடன் பூச்சி செத்து விழாது. தின்ன விடாமலும், தோலுரித்து வளர விடாமலும் செய்வதுதான் அதன் வேலை. அதனால் குஞ்சுகளிடம் நன்றாகப் பலிக்கும், வளர்ந்த பூச்சியிடம் குறைவு. வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். சாயங்காலம், தேனீக்கள் போன பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து, வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே "வேலை செய்யவில்லை" என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அதைவிட முக்கியம், செடிக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், அதற்கு வேம்பு உதவும். படகைக் கவிழ்த்தது போலக் கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப்பேன், அதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகப் பொடி)தான் நல்லது. ஆனால் வேப்பெண்ணெய் அடித்த கையோடு கந்தகம் அடிக்காதீர்கள், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது தேமல், வைரஸ் நோய். எந்த எண்ணெயும் குணப்படுத்தாது. செடியைப் பிடுங்கிவிட்டு, அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள், மற்றச் செடிகளுக்கு வேம்பு அடியுங்கள். கத்தரியில் நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வெளியே அடிக்கும் மருந்து அதனிடம் போகாது. நுனியைக் கிள்ளி நசுக்குவதுதான் வழி.

சாம்பல் நோய்க்கு வேப்பெண்ணெய் நிச்சயம் உதவுகிறது. பூசணி இலையில் வெள்ளைப்பொடி தொடங்கும்போதே அடித்தால் பரவாமல் நிற்கிறது. இந்தக் குணத்துக்குத்தான் 1994இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை கொடுத்தது. சூழலியல் செயல்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டவர்கள் எதிர்த்துப் போராடி 2000இல் அது ரத்தானது, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நம் பாட்டிமார் வைத்திருந்த அறிவுக்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியாமல் போனதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு எண்ணெய் மட்டும் போதாது. மேலே இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பிறகு அடிக்க வேண்டும். எறும்பு ஏறுகிற வரையில் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வரும், தொட்டி சுவரைத் தொடாமல் நகர்த்தி வையுங்கள். மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக, ஆனால் சுறுசுறுப்பாக ஓடுவது தெரிந்தால் அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பது அதுதான், அந்தக் கிளையில் மருந்து அடிக்காமல் விடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் இந்தியாவில் முதலில் தென்பட்டது நம் கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாம் வெளுத்துக் கிடந்தன. கடைசியில் அடக்கியது மருந்து இல்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவிதான்.

மதிப்பெண் கேட்டால்: செக்கு எண்ணெய்க்கு ஐந்துக்கு நான்கு. கலக்கும் சிரமத்துக்கும், கையில் இரண்டு நாள் நிற்கும் நெடிக்கும் ஒன்று குறைத்தேன். 10000 பிபிஎம் புட்டிக்கு நான்கரை. ஆன்லைன் புட்டிக்கு ஒன்று, அதுவும் கரைகிறது என்பதற்காக. வேரில் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் நூற்புழுவுக்கு இந்த மூன்றும் வேண்டாம், மண்ணில் வேப்பம் புண்ணாக்குக் கலந்தாலே போதும், அதே செக்குக்கடையில் கிடைக்கிறது.

செக்கு எண்ணெய் வாங்குவதானால் கால் லிட்டருக்கு மேல் வேண்டாம். பழையதாக ஆக வீரியம் இறங்கும். அடர்நிறப் புட்டியில், வெயில் படாத அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.