12 வோல்ட்டில் வீட்டு விளக்குகள்: டிம்மரோடு சில வருஷப் பழக்கம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் வீடு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் பக்கம் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அதற்கு அடுத்த வருஷம் வீட்டு விளக்குகளை மட்டும் லைனிலிருந்து பிரித்தோம். கூரையில் சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி, அங்கிருந்து 12 வோல்ட் டிசியில் விளக்குகளுக்கு நேராக ஒயர். மோட்டார், மிக்சி, ஃப்ரிட்ஜ் எல்லாம் பழையபடி 230 வோல்ட்தான். நடுவில் இன்வெர்ட்டர் வைக்கவில்லை. நாலு எல்இடி எரிவதற்காக இராத்திரி பூராவும் இன்வெர்ட்டரை ஆனில் வைத்தால், விளக்கு தின்பதைவிட அது சும்மா இருந்து தின்பது அதிகமாகிவிடும்.

இத்தனை காலம் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்வேன்: இந்த மாதிரி சிஸ்டத்தில் டிம்மரை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமானை, விளக்கோடு சேர்த்தே திட்டம் போட வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நாள் வெயிலே இல்லாதபோது பேட்டரி விடியும்வரை நிற்பதும் நிற்காததும் அதில்தான் இருக்கிறது. ஆனால் டிம்மர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். வோல்டேஜ் ஒன்று, ஒயர் இன்னொன்று.

12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்காது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியும். லெட் ஆசிட் பேட்டரி நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 12.7 காட்டும். மதிய வெயிலில் சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். விடியற்காலையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது 11.8, அதற்குக் கீழேகூட வரும். கடையில் விற்கிற சாதாரண எல்இடி ஸ்ட்ரிப்பை எடுத்துப் பாருங்கள். மூன்று எல்இடி வரிசையாக, கூடவே ஒரு சின்ன ரெசிஸ்டர், அவ்வளவுதான். மூன்று எல்இடியும் சேர்ந்து 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் கொடுத்தால் மிச்சம் 3 வோல்ட்டுக்குக் குறைவாக ரெசிஸ்டரில் விழும். அந்த மிச்சம்தான் எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. சப்ளை 14.4 ஆனால் மிச்சம் 5 வோல்ட்டைத் தாண்டுகிறது. அதாவது சப்ளை 20 சதவீதம்தான் ஏறியது, கரண்ட்டோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கீழே இறங்கும்போதும் அப்படியேதான். 11 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகிறது.

கூடத்தில் முதலில் மாட்டிய ஸ்ட்ரிப் ஒரு கோடைகாலத்திலேயே பாழாகிப்போனதற்குக் காரணம் இதுதான். பகலில் கூடம் இருட்டு, அதனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதே நேரத்தில்தான் பேட்டரியும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரிப்பைத் தொட்டால் கை வைக்க முடியாது. முதலில் மேலே இருந்த மஞ்சள் பூச்சு பழுப்பாகியது, அப்புறம் மூன்று மூன்றாக எல்இடிகள் அணைய ஆரம்பித்தன. ஒரு எல்இடி போனால் அந்த வரிசையில் இருக்கிற மூன்றும் போகும் என்பதால், எந்த இடத்தில் சூடு அதிகம் என்று ஸ்ட்ரிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். “சோலாருக்கென்றே வந்த ஸ்ட்ரிப்” என்று சொல்லித்தான் விற்றார்கள். உள்ளே எதுவும் வித்தியாசம் இல்லை.

பிறகு பக்-பூஸ்ட் வகை வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று போட்டோம். வண்டிகளுக்கென்று வருகிற, அலுமினியப் பெட்டியில் பிசின் ஊற்றி அடைத்த சின்ன சாமான். 9 வோல்ட் உள்ளே போனாலும் 15 வோல்ட் போனாலும் வெளியே 12 வரும். அதற்கப்புறம் மாட்டிய ஸ்ட்ரிப் இன்றுவரை எரிகிறது. வெறும் பக் வகை, அதாவது இறக்க மட்டும் தெரிந்தது, இந்த இடத்துக்குப் போதாது; விடியற்காலையில் பேட்டரி 12-க்குக் கீழே போகும்போது அதால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: விளக்கு அணைந்திருந்தாலும் ஸ்டெபிலைசர் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். எனவே சுவிட்சை ஸ்டெபிலைசருக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் அல்ல.

பழைய பேட்டரி தீர்ந்தபோது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறினோம். தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, வோல்டேஜும் பெரும்பாலான நேரம் 13-ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறது. அசையாமல் நிற்கிறதே, இனி ஸ்டெபிலைசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிற்பது 13-இல், ஸ்ட்ரிப்புக்கு வேண்டியது 12. நேராகக் கொடுத்தால் இரவு பகல் எந்நேரமும் தேவைக்கு மேல் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஒயர். வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஒயர் காயிலைப் பார்த்ததும், “பன்னெண்டு வோல்ட்டுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு தடி ஒயரு? மணி ஒயர் போதுமே” என்றார். முப்பது வருஷம் 230 வோல்ட்டில் வேலை பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். அவரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பேட்டரி அறையிலிருந்து திண்ணைக்கு 15 மீட்டர். போக வர 30 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் 30 மீட்டருக்கு அரை ஓமுக்குக் கொஞ்சம் மேல். 3 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.6 வோல்ட் போய்விடும். 230-இல் 1.6 போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் போனால் ஸ்ட்ரிப்பின் வெளிச்சம் பாதிக்குப் பக்கம் போய்விடும், மேலே சொன்ன அந்த 3 வோல்ட் மிச்சத்திலிருந்துதான் அது கழிகிறது. 2.5 ஒயர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட்டோடு நிற்கும். அண்ணன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இப்போது அவர் சோலார் வேலைக்குப் போகிற வீடுகளில் ஒயர் தடிமனுக்காக அவரே வாதாடுகிறார் என்று கேள்விப்படும்போது சந்தோஷமாக இருக்கிறது.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும், ஒயர் பற்றிக்கொள்ளும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

இனி டிம்மர். நாங்கள் வைத்திருப்பது பிடபிள்யூஎம் வகை. விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை அணைத்து ஏற்றுகிறது. ஏற்றிவைத்திருக்கும் நேரத்தின் பங்கு எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். பேட்டரியிலிருந்து எடுப்பதும் அதே விகிதத்தில் குறைகிறது. இங்கேதான் நம் கண்ணால் பெரிய லாபம். கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பார்ப்பதில்லை. பவரைப் பாதியாக்கினால் முக்கால்வாசி வெளிச்சம் இருப்பதாகத்தான் தெரியும். பாதி வெளிச்சம் என்று கண்ணுக்குத் தோன்ற வேண்டுமானால் பவரைக் கிட்டத்தட்ட 18 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். எங்கள் கூடத்து ஸ்ட்ரிப் 5 மீட்டர், முழு வெளிச்சத்தில் 24 வாட். சாப்பாடு முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் அதை 5 வாட்டுக்கு இறக்கிவிடுகிறோம். யாருக்கும் குறையாகப் படவில்லை. படுத்த பிறகு ஒரு வாட் சொச்சம். அம்மா இராத்திரி எழுந்து பாத்ரூம் போக அது தாராளம். பத்து மணி நேரம் எரிந்தாலும் பேட்டரியில் ஒரு ஆம்பியர்-அவர்தான் செலவு.

கண்ணின் இந்தக் குணத்தால் மலிவான குமிழ் டிம்மர்களில் ஒரு தொந்தரவும் உண்டு. குமிழின் முதல் கால்வாசித் திருப்பத்திலேயே எல்லா மாற்றமும் நடந்து முடிந்துவிடும். மிச்சத் திருப்பத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். தொடு டிம்மர்களில் சில, படிகளைக் கண்ணுக்கு ஏற்றபடி பிரித்திருக்கின்றன. வாங்கும்போது கீழ்ப்பக்கத்தில் எவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். ரிமோட் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிமோட் தொலைகிறது, கரண்ட் விட்டு வந்தால் பாதி டிம்மர்கள் முழு வெளிச்சத்தில் ஆரம்பிக்கின்றன.

சிமிட்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் சொல்வதில்லை. நாங்கள் முதலில் வாங்கிய டிம்மர் சில நூறு ஹெர்ட்ஸில் ஓடியது. கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் கூடத்து ஃபேன் இறக்கைகள் சில வேகத்தில் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரிந்தன. செல்போன் கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடின. மங்கலாக்கி வைத்துப் படித்தால் எனக்குத் தலை கனத்தது. எல்இடி சிமிட்டலுக்கென்று ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை இருக்கிறது. முழுக்க அணைந்து ஏறுகிற பிடபிள்யூஎம்முக்கு 1250 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் பாதிப்பு குறைவு, 3000-க்கு மேலே இருந்தால் கவலையே வேண்டாம் என்கிறது. டிம்மர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் போன் கேமராவை விளக்குக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். தடித்த பட்டைகள் தெரிந்தால் அதை வாங்க வேண்டாம்.

வேகமான டிம்மருக்கு மாறியதும் கண் பிரச்சினை தீர்ந்தது, காதுப் பிரச்சினை வந்தது. ஸ்டெபிலைசர் பெட்டிக்குள்ளிருந்து கீ என்று மெல்லிய சத்தம், வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கக் கூடியது. ஸ்டெபிலைசருக்கும் டிம்மருக்கும் நடுவில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டதில் பெரும்பகுதி அடங்கியது. அடுத்து அப்பாவின் ரேடியோ. அவர் இன்னும் மீடியம் வேவில்தான் திருச்சி நிலையம் கேட்கிறார். திண்ணை விளக்கை மங்கலாக்கினால் செய்தி இரைச்சலில் மூழ்கிவிடும். டிம்மர் பேட்டரி அறையில் இருந்தது; அங்கிருந்து திண்ணைவரை போகிற ஒயர் முழுக்க ஆன்டெனா மாதிரி வேலை செய்தது. டிம்மரைத் திண்ணைக்கே கொண்டுபோய் விளக்கிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்து, பிளஸ் மைனஸ் இரண்டையும் முறுக்கி விட்டதும் திருச்சி மறுபடி தெளிவாகக் கேட்டது.

இன்னொன்று: இந்த டிம்மர்களில் பெரும்பாலானவை நெகட்டிவைத்தான் வெட்டி வெட்டி விடுகின்றன, பாசிட்டிவ் நேராகப் போய்விடும். வண்டி வயரிங் மாதிரி எல்லா விளக்குக்கும் பொது நெகட்டிவ் ஓடுகிற வீட்டில் இதை மாட்டினால், குமிழை எப்படித் திருப்பினாலும் விளக்கு முழு வெளிச்சத்தில்தான் எரியும். டிம்மர் போகிற ஒவ்வொரு விளக்குக்கும் தனி நெகட்டிவ் இழுத்தாக வேண்டும்.

எல்லா 12 வோல்ட் விளக்கும் டிம்மருக்கு ஒத்துவராது. உள்ளேயே டிரைவர், அதாவது எல்இடிக்குப் போகிற கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட், வைத்து வருகிற டிசி பல்புகள் சப்ளையை வெட்டினால் சிமிட்டும், அல்லது கண்டுகொள்ளவே செய்யாது. படிக்கிற மேஜைக்கு நான் வேறு வழி எடுத்தேன். பிடி4115 என்ற சிப் உள்ள சின்ன டிரைவர் போர்டு. 6 முதல் 30 வோல்ட் வரை உள்ளே கொடுக்கலாம், எல்இடிக்குப் போகிற கரண்ட் மாறாது. அதில் டிம்மிங்குக்கென்றே ஒரு கால் இருக்கிறது. அந்தக் காலுக்கு 0.5 முதல் 2.5 வோல்ட் வரை கொடுத்தால் கரண்ட்டே ஏறி இறங்கும், வெட்டுவது என்பதே இல்லை. சிமிட்டல் துளியும் கிடையாது. இதுவரை நான் வைத்திருக்கிற விளக்குகளில் கண்ணுக்கு இதமானது இதுதான். மிகக் கீழே இறக்கும்போது கொஞ்சம் தடுமாறும்; மேஜை விளக்குக்கு அது பரவாயில்லை.

கடல் காற்றுக்கு மட்டும் இன்னும் முழு மருந்து கிடைக்கவில்லை. மல்லிப்பட்டினம் எங்களிலிருந்து தூரமில்லை. திறந்த இடத்து மூட்டுகளில், குறிப்பாக பாசிட்டிவ் பக்கத்தில், செம்பு பச்சை பூத்து அரிக்கிறது. ஒயர் முனையில் மாட்டுகிற வெள்ளீயம் பூசிய லக், பற்றவைத்த மூட்டு, மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் என்று போட்ட இடங்கள் தாங்குகின்றன. வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய மூட்டுகளை மழைக்கு முன் ஒவ்வொரு வருஷமும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திண்ணைக்கு மஞ்சள் சாயலான 3000 கெல்வின் வார்ம் ஒயிட் போட்டதில் ஒரு நல்லது: ஐப்பசி மழைக்குப் பிறகு வருகிற ஈசலும் பூச்சியும் வெள்ளை விளக்கில் மொய்த்த அளவுக்கு இதில் மொய்ப்பதில்லை. மங்கலாக்கினால் இன்னும் குறைவு.

தம்பி இப்போது பேராவூரணியில் வீடு கட்டுகிறான். அவனுக்கு 24 வோல்ட்டாகவே போடச் சொல்லியிருக்கிறேன். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதி. அதே ஒயரில் இழப்பு சதவீதக் கணக்கில் கால்வாசி. 24 வோல்ட் ஸ்ட்ரிப்பும் டிம்மரும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. கான்கிரீட் போடுவதற்கு முன்பே கூடத்துக்கும் திண்ணைக்கும் தனி நெகட்டிவ் போகிற அளவுக்கு பைப்பும், விளக்குக்குப் பக்கத்திலேயே டிம்மர் உட்கார ஒரு பெட்டியும் வைத்துவிடச் சொல்லிவிட்டேன்.