மெலிசு ரக்கட் போனா, பேட்டரி கழத்துற ரக்கட் போனா? காத்தாடி வேலைக்காரன் பார்வையில

பணகுடி, காவல்கிணறு பக்கம் காத்தாடி மெயிண்டனன்ஸ்ல இருக்கேன், கரண்ட் எடுக்குற காற்றாலையத்தான் சொல்லுறேன். எங்க சோலியில போன்தான் டார்ச்சு, போன்தான் கேமரா, பேனல்ல என்ன எர்ரர் காட்டுதுன்னு கீழ இருக்கவனுக்கு அனுப்புறதும் அதுலதான். 28,000 ரூவாய்க்குள்ள ரக்கட் போன், அதாவது தண்ணி, தூசி, அடி மூணையும் தாங்குற போன் ஒண்ணு வேணும், ஆனா செங்கல் கணக்கா இருக்கக் கூடாதுன்னு தேடினதுல கடைசியா நின்னது மூணு. சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர் 7, மோட்டோரோலா எட்ஜ் 50, ஒப்போ எஃப்27 ப்ரோ பிளஸ். மூணும் 2024ல இந்தியாவுக்கு வந்தது, மூணும் வந்தப்போ விலை 27,000த்துல இருந்து 28,000த்துக்குள்ள. நான் வாங்கினது எக்ஸ்கவர் 7, அதனால இதுல அதுக்குத்தான் சாய்வு இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

மொதல்ல அந்தத் தடிமாடுகள ஒதுக்கிரலாம். டூகி வி மேக்ஸ்னு ஒண்ணு, 22,000 எம்ஏஎச் பேட்டரி, எடை அரைக் கிலோவத் தாண்டும். ஒரு வாரம் சார்ஜே போட வேண்டாம்னு சொல்லுவாங்க, இருக்கலாம். ஆனா டவர் ஏறுற ஆளு அத எங்க வைக்க? விழாம இருக்க உடம்புல மாட்டுற ஹார்னஸோட கால் பெல்ட்டு தொடையைச் சுத்தி இறுக்கி இருக்கும், அதுக்குப் பக்கத்துலதான் பேண்ட் சைடு பாக்கெட்டு, தடியா ஒரு சாமான் உள்ள இருந்தா ஏணியில ஒவ்வொரு படிக்கும் கால தூக்கும்போது அதோட முனை போயி தொடையில குத்தும், பாதி ஏணி போறதுக்குள்ள எரிச்சல் வந்துரும். இன்னொண்ணு, இது மாதிரி வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிற போன்ல ஜியோ சிம்முக்கு வோல்ட்டி, அதாவது 4ஜி வழியா கால் பேசுற வசதி, வேலை செய்யுதான்னு பாக்கணும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கெடையாது, வோல்ட்டி எடுக்கலன்னா கால் பேச முடியாது, நெட்டு மட்டும்தான். திருநெல்வேலியில இதுக்கு சர்வீஸ் சென்டர்னு ஒண்ணும் என் கண்ணுல படல. ஆக அது வேண்டாம்.

இப்போ மெலிசு போன் ரெண்டுக்கு வருவோம். மோட்டோ எட்ஜ் 50 வெறும் 180 கிராம், 7.79 மி.மீ தடிமன். ஒப்போ எஃப்27 ப்ரோ பிளஸ் 177 கிராம், 7.89 மி.மீ. எக்ஸ்கவர் 7 இவங்க பக்கத்துல கொஞ்சம் குண்டுதான், 240 கிராம், 10.2 மி.மீ. ஆனா ஒரு விசயம் கவனிங்க, சாதா மெலிசு போனுக்கு மேல நம்மாளு யாரும் கவர் போடாம இருக்க மாட்டான், அதுவும் வேலை இடத்துல கொண்டு போறவன் நல்ல தடிச்ச ரப்பர் கவராப் போடுவான், அத மாட்டின பொறவு தடிமனும் எடையும் எக்ஸ்கவர் கிட்டக்க வந்துரும். எக்ஸ்கவர்ல உடம்பே ரப்பர் மாதிரி ஒரு பிளாஸ்டிக், வளைஞ்ச கண்ணாடி எதுவும் இல்ல, முன்னாடி கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ். கவர் இல்லாமலே வச்சிருக்கேன். மோட்டோ, ஒப்போ ரெண்டுலயும் ஸ்க்ரீன் ஓரம் வளைஞ்சிருக்கும், பாக்க அம்சம்தான், ஆனா வளைஞ்ச ஓரத்துல டெம்பர் கிளாஸ் ஒட்டுறது எப்படிப்பட்ட பாடுன்னு ஒட்டினவனுக்குத் தெரியும்.

தண்ணி, தூசிக்கு மூணும் ஐபி68, அதாவது தூசி உள்ள போகாது, தண்ணிக்குள்ள முங்கினாலும் தாங்கும்ங்கிற தர அளவு. ஒப்போவுல அதுக்கு மேல ஐபி69ம் இருக்கு, அதாவது சூடான தண்ணிய பிரஷர்ல பீச்சி அடிச்சாலும் தாங்கும்னு. நல்லதுதான், ஆனா நமக்கு யாரு 80 டிகிரி தண்ணிய பீச்சப் போறா? குத்தால அருவிக்கடியில போனோட நிக்கிற கோட்டிக்காரனுக்கு வேணும்னா ஆகலாம்.

அப்புறம் இந்த மில்-எஸ்டிடி-810எச் விசயம். மிலிட்டரி கிரேடுன்னு பெட்டியில போட்டா ராணுவமே வாங்கி டெஸ்ட் பண்ணி சீல் குத்தின மாதிரி நெனைக்காங்க. அது அமெரிக்க ராணுவம் எழுதி வச்ச டெஸ்ட் முறை, அவ்வளவுதான். கம்பெனி தனக்குத் தோதான டெஸ்ட்ட எடுத்து தானே பண்ணிக்கும், சான்றிதழ் குடுக்க ராணுவத்துல ஆளு கெடையாது. அதுல சாதாரணமா சொல்ற டிராப் டெஸ்ட்டுன்னா 1.22 மீட்டர் உயரத்துல இருந்து 26 தடவ போடணும், கீழ காங்கிரீட்டு மேல பிளைவுட் பலகை விரிச்சிருப்பாங்க, அந்த 26 தடவையையும் ஒரே போன் வாங்கணும்னு கூட இல்ல, அஞ்சு போன் வரைக்கும் பங்கு போட்டுக்கலாம். 1.22 மீட்டர்னா வெறும் நாலு அடி உயரம்தான். டவர் மேல இருந்து விழுந்தா எந்த போனும் தப்பாது, கீழ நிக்கிறவன் மண்டையும் தப்பாது, அதனால எதுவா இருந்தாலும் கயிறு கட்டித்தான் மேல கொண்டு போகணும்.

சரி, இதுவரைக்கும் பாத்தா மெலிசு போன்தான் ஜெயிக்கணும். நான் ஏன் மாறினேன்னா பேட்டரி. ஒரு நாள் நிக்குதா ரெண்டு நாள் நிக்குதாங்கிற கணக்கு இல்ல, ரெண்டு வருசம் கழிச்சு அந்த பேட்டரிய யாரு எப்படி மாத்தப் போறாங்கிற கணக்கு.

லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் எமன். நம்ம ஊர்ல சித்திரை, வைகாசியில பைக் ஹேண்டில்ல ஸ்டாண்டு போட்டு மேப் பாத்துட்டு போற போன் தொடவே முடியாது, அதோட ஃபுல் சார்ஜ்லயும் இருந்துச்சுன்னா பேட்டரி இன்னும் வேகமா வயசாகும். டவர் உச்சியில ஜெனரேட்டர் இருக்குற பெட்டி, நசெல்லும்பாங்க, அதுக்குள்ள போனா அங்கயும் அனல்தான். வெளி வேலை போன்ல பேட்டரி சீக்கிரமே சோந்து போகும், சிலது உப்பும். அப்போ மாத்தித்தான் ஆகணும். மெலிசு போன்ல பின்பக்க மூடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க, தண்ணி உள்ள போகாம காக்குறதும் அந்தப் பசைதான். பேட்டரி மாத்தணும்னா ஹீட் கன் காட்டி, மெல்லிசு பிளேடு விட்டு அத கிழிச்சுத் திறக்கணும். திறந்த நிமிசமே ஐபி68 காலி. திரும்ப ஒட்டுவாங்க, ஆனா வள்ளியூர்லயோ நாங்குநேரியிலயோ தெருக்கடையில ஒட்டுற பசை கம்பெனி ஒட்டு ஆகுமா? அந்தக் கடைக்காரர் நல்ல வேலைக்காரரா இருக்கலாம், தண்ணி புகுதான்னு செக் பண்ற மிசின் அவருகிட்ட இருக்காது, அவரக் குத்தம் சொல்லிப் புண்ணியம் இல்ல.

எங்க டீம்ல ஒரு அண்ணாச்சிக்கு இப்படித்தான் ஆச்சு. எந்த கம்பெனின்னு வேண்டாம், வாட்டர் ப்ரூஃப் போன்தான், பேட்டரி உப்பி பின்னாடி மூடி லேசா தூக்கிக்கிச்சு, லோக்கல்ல மாத்தினார், நல்லாத்தான் ஓடுச்சு. ஆனி மாசம் சாரல் தொடங்குச்சு, ஒரு நாள் கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிஞ்ச மாதிரி வெள்ளை. துணியால தொடச்சுத் தொடச்சுப் பாக்காரு, உள்ள இருக்கிறத எப்படித் தொடைக்க? பொறவு ஸ்பீக்கர் கரகரன்னுச்சு, அப்புறம் போர்டே போச்சு. வாரண்டின்னு போக முடியாது, முடிஞ்சிருச்சு. முடியலன்னாலும் தண்ணி புகுந்ததுக்கு பெரும்பாலும் எவனும் வாரண்டி குடுக்க மாட்டான், ஐபி68னு பெட்டியில போட்டிருந்தாலும் சரி. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மாத்தினா முறையா ஒட்டுவாங்க, அதுக்கு திருநெல்வேலி டவுனுக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போகணும், பார்ட்ஸ் இல்லன்னா இன்னொரு நாள்.

எக்ஸ்கவர்ல இந்தப் பாடு இல்ல. மூடியோட ஒரு மூலையில நகம் நுழையற அளவுக்கு ஒரு வெட்டு, அதுல நகத்த விட்டு நெம்பினா டக்கு டக்குனு ஓரம் பூரா விட்டு வரும். 4,050 எம்ஏஎச் பேட்டரிய எடுத்துட்டு வேற ஒண்ணப் போட வேண்டியதுதான், அந்தக் காலத்து நோக்கியாவுல செஞ்ச மாதிரியே. தண்ணிய நிறுத்துறது உள்ள ஓடுற ரப்பர் வளையம். மூடுறதுக்கு முன்னால அந்த வளையத்த விரலால ஒரு தடவ தடவிப் பாக்கணும், திசையன்விளை தேரி மண்ணு இருக்கே, பவுடர் மாதிரி, ஒரு பொட்டு அதுல ஒட்டியிருந்தாலும் மூடி சரியா உக்காராது. சுத்தி அமுக்கி எல்லா இடத்துலயும் சத்தம் கேட்டாத்தான் திருப்தி. எங்கயாவது அமுங்காம இருந்தா ஐபி68 வெறும் எழுத்துதான்.

இதுல இன்னொரு வசதி, ஸ்பேர் பேட்டரி. ஆடி அமாவாசைக்கு காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயி குடில் போட்டுத் தங்குறவங்களுக்குத் தெரியும், அங்க சார்ஜ் போட இடம் தேடுறது எவ்வளவு பெரிய வேலைன்னு. பவர் பேங்கு இருக்கேம்பீங்க, சரிதான், ஆனா அது வயரோட தொங்கும், மழையில வயர் குத்தக் கூடாது. ஸ்பேர் பேட்டரி சட்டப் பையில கெடக்கும், எடை ஒண்ணும் தெரியாது, மாத்தினா அடுத்த நிமிசம் நூறு சதம். போன் ஆஃப் ஆகித்தான் திரும்ப ஆன் ஆகும், அந்தக் கொறை உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணிக் கரையில நாள் கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தவங்களக் கேட்டா இந்த ஸ்பேரோட அருமை இன்னும் நல்லாச் சொல்லுவாங்க.

எக்ஸ்கவரோட கொறையையும் சொல்லணும்ல. சார்ஜிங் வெறும் 15 வாட்டு, மோட்டோ 68 வாட்டு, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டிஸ்ப்ளே எல்சிடி, உச்சி வெயில்ல மோட்டோவோட ஓஎல்ஈடி பக்கத்துல வச்சா மங்கல்தான், பேனல் போட்டோவ ஜூம் பண்ணிப் பாக்க கைய மேல கவுத்து நிழல் பிடிக்க வேண்டியிருக்கு. பிராசசர் டைமென்சிட்டி 6100 பிளஸ், வாட்ஸ்அப், மேப், பிடிஎஃப் இதுக்கெல்லாம் போதும், பப்ஜி ஆடுறவன் கிட்டயே வர வேண்டாம். பின்னாடி ஒரே ஒரு கேமரா, 50 மெகாபிக்சல், பகல்ல நல்லா எடுக்கும், ராத்திரி கொடை விழாவுல சாமியாட்டம் எடுத்தா ஏமாத்தும். நல்லது என்னன்னா மெமரி கார்டு போடலாம், பழைய இயர்போன் குத்துற ஓட்டை இருக்கு, சைடுல தனியா ஒரு பட்டன் இருக்கு, அதுக்கு நான் டார்ச் வச்சிருக்கேன், கிளவுஸ் போட்ட கையோட இருட்டுல தடவி அமுக்கினா வெளிச்சம். டச்சும் செட்டிங்ஸ்ல சென்சிட்டிவிட்டிய ஏத்தி வச்சா மெல்லிசு கிளவுஸுக்கு வேலை செய்யுது, தடிச்ச தோல் கிளவுஸுக்கு செய்யல.

எனக்கு உறுதியாத் தெரியாத எடமும் இருக்கு. அந்த ரப்பர் வளையம் நாலஞ்சு வருசம் இதே மாதிரி இழுபடுமா, வெயில்ல வெறச்சுப் போகுமான்னு இன்னும் பாக்கல. ஒப்போவ நான் மச்சான் கையில வாங்கிப் பாத்ததோட சரி, வேலைக்குக் கொண்டு போகல. மோட்டோ வீட்டுல இருக்கு, வீட்டுல இருக்கிற போனுக்கு என்ன அடி விழுந்துரப் போகுது, அதனால அதோட தாங்குற சக்தி பத்தி நான் தீர்ப்பு சொன்னா தப்பு.

உவரி, கூடுதாழை பக்கம் வள்ளத்துல போறவங்களுக்கு ஒண்ணு. ஐபி68 டெஸ்டு நல்ல தண்ணியில. உப்புத் தண்ணி கணக்குலயே வராது. மூணுல எது வச்சிருந்தாலும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி, சார்ஜ் ஓட்டை காய்ஞ்ச பொறவு வயரக் குத்துங்க, இல்லன்னா பின்னு பச்சை பிடிச்சுரும்.

ரீசேல்னு பாத்தா மோட்டோவும் ஒப்போவும் கைமாத்துறது சுளுவு, எக்ஸ்கவர்னா செகண்ட்ஸ் கடைக்காரரு இது என்ன மாடல்னு திருப்பித் திருப்பிப் பாப்பாரு. வருசா வருசம் போன் மாத்துறவங்க, உள்ள ஆபீஸ்ல உக்காந்து எப்பவாவது சைட்டுக்குப் போறவங்க மெலிசுலயே ஒண்ணப் பாருங்க, அதுலயும் நான் மோட்டோவச் சொல்லுவேன். மழையோ வெயிலோ வெளியிலயே கெடக்குற ஆளு, வாங்கினா ஓயுற வரைக்கும் ஓட்டுற ஆளுன்னா எக்ஸ்கவர். வாங்கும்போதே கூட ஒரு ஒரிஜினல் பேட்டரி வாங்கிருங்க, மாடல் பழசானா கெடைக்காது, கம்மி விலைக்குன்னு பேர் தெரியாத பேட்டரி போட வேண்டாம், உப்பினா மூடி தூக்கும், மூடி தூக்கினா தண்ணி. எக்ஸ்கவர் 7ல ஸ்டாண்டர்ட், எண்டர்பிரைஸ்னு ரெண்டு எடிஷன் இருக்கு, வந்தப்போ ஒண்ணு 27,208, இன்னொண்ணு 27,530. அந்த முந்நூத்திச் சொச்சத்துக்கு வாரண்டி ஒரு வருசம் ரெண்டு வருசமா ஆகுது, எண்டர்பிரைஸ் எடிஷன் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.