‘தயார்’ என்றால் என்ன? பொதுச் சொற்களஞ்சியத்தோடு நான்கு ஆண்டுகள்

முப்படைகளின் அறிக்கைகளையும் தொகுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். படைப்பிரிவுகளின் சொற்களுக்கு வரையறை தந்து ஒன்றோடொன்று இணைக்கும் பொதுச் சொற்களஞ்சியமும், தரவை அவரவர் நிபந்தனையோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடான தரவுவெளியும் எங்களிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுக்கத் திட்டிக்கொண்டே பயன்படுத்தினேன்.

முதல் அடி ‘தயார்’ என்ற சொல்லில் விழுந்தது. ஒரு பயிற்சிக்காக வாகனக் கணக்குக் கேட்டோம். பணிமனைக்கு, எஞ்சின் ஓடினால் வண்டி தயார். களத்தில் இருப்பவர்களுக்கோ ஓட்டுநர், எரிபொருள், வானொலிக் கருவி எல்லாம் கூடினால்தான் தயார். இரண்டு பட்டியல்களும் சரிதான். நாங்கள் போட்ட கூட்டல்தான் பொய்.

எங்கள் களஞ்சியம், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2009இல் பரிந்துரைத்த ஸ்காஸ் (SKOS) என்ற முறையில் அமைந்தது; சொற்களஞ்சியங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் முறை அது. வெவ்வேறு களஞ்சியங்களின் கருத்துகளை அதில் ‘முழுப் பொருத்தம்’ என்றோ ‘நெருங்கிய பொருத்தம்’ என்றோ இணைக்கலாம். அவசரத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் முழுப் பொருத்தம் போட்டுவிட்டோம். அந்த உறவு சங்கிலியாகத் தொடரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. களத்தின் ‘தயார்’ பணிமனையின் ‘தயார்’ ஆயிற்று. அது கிடங்கின் ‘வழங்கத் தக்கது’ ஆயிற்று. விளைவு, கிடங்கில் உறை பிரிக்காமல் கிடந்த வண்டிகளும் திரையில் புறப்பட நின்றன! நெருங்கிய பொருத்தம் அப்படிச் சங்கிலி கோக்காது. ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்ற இரண்டு மாதம் பிடித்தது.

வரையறை எழுதுவதில் நேட்டோ ராணுவக் கூட்டணியின் ஏஏபி-06 (AAP-06) என்ற கலைச்சொற்கோவை எனக்கு ஒரு பாடம். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதில் இணையாக நிற்கின்றன. ஒரு மொழியில் மழுப்பிய வரையறை இன்னொரு மொழிக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு, புதுச் சொல் எதையும் வேறு படைப்பிரிவுக்காரர் ஒருவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லவைக்காமல் நான் சேர்ப்பதில்லை.

தரவுவெளியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எல்லாத் தரவையும் ஒரே தரவுக்கிடங்கில் கொட்டச் சொன்ன காலத்தில் யாரும் உருப்படியாக எதையும் தந்ததில்லை. இப்போது தரவு அவரவரிடமே இருக்கிறது. எந்தத் தரவு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் பொது. யார், எதற்காக, எத்தனை நாள் பார்க்கலாம் என்ற நிபந்தனையும் ரகசிய நிலைக் குறியும் தரவோடு கூடவே வருகின்றன. களஞ்சியத்திலும், கைவிட்ட சொற்களை அழிக்காமல் ‘வழக்கொழிந்தது’ என்று குறித்து வைப்பதால் பழைய அறிக்கைகளையும் புரிந்துகொள்ள முடிகிறது.

தீராத தலைவலி, தரவைப் பார்க்க வாங்க வேண்டிய ஒப்புதல்தான். நிபந்தனையை இயந்திரம் நொடியில் படித்துவிடுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருக்கிறார். அந்த நாட்களில் இன்றும் தொலைபேசியில்தான் கேட்டு வாங்குகிறோம். அப்போது முதல் கேள்வி: “நீங்கள் சொல்வது எந்தத் ‘தயார்’?”