கழுத்து நோவுக்கு முற்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

எங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு தங்கச்சி, தன் கழுத்து நோவுக்கு நான் ஏமாந்த அதே இடத்துக்குப் போகப் பணம் சேர்த்திருப்பதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கல்லடியில் வீட்டோடு தையல் வேலை செய்பவள் நான். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய மூன்று வாரங்கள் நடுச்சாமம்வரை மெஷினில் குனிந்திருந்ததில், கழுத்தை வலப்பக்கம் திருப்ப முடியாமல் போனது. கூடவே நெற்றிப்பொட்டில் ஓயாத குத்து. "நரம்பு நிபுணர்" என்று பலகை மாட்டியிருந்த ஒருவர், என் எக்ஸ்றேயை ரியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேய்ந்து நரம்பு நழுவியிருப்பதாகவும், பத்துத் தடவை வராவிட்டால் கை விளங்காமல் போகும் என்றும் சொன்னார். பயத்தில் 30,000 ரூபாவை முற்பணமாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லாமலா பிள்ள வந்தீங்க?" என்றார். மூன்றாந் தடவை, ஒரு வார்த்தை சொல்லாமல், தாடையைப் பிடித்துக் கழுத்தைச் சடாரென்று திருப்பி முறித்தார். அன்று பொழுதுபடும்வரை எனக்குத் தலைசுற்று நிற்கவில்லை.

மறுநாள் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் பரிசோதித்து, இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த மிஸ் என் தோள் மேட்டை விரலால் தடவிக்கொண்டே வந்து, கயிறுபோல் இறுகியிருந்த தசையில் மிளகளவு முடிச்சொன்றை அழுத்தினார். அழுத்தியது தோளில், வலித்தது நெற்றிப்பொட்டில். நான்கு மாதமாக என்னை வாட்டிய அதே குத்து! அழுத்தினால் வேறிடத்தில் நோகும் இப்படியான முடிச்சுக்கு ட்ரிகர் பொயின்ட் என்று பெயர் என்றார். கழுத்திலிருந்து தோளுக்கு விரியும் ட்ரப்பீசியஸ் தசையில் அது இருந்தால் நோவு தலைப்பக்கம் ஏறும். தோள்பட்டையைத் தூக்கும் தசையில் இருந்தால் கழுத்து திரும்பாது. எக்ஸ்றேயில் இந்த முடிச்சுத் தெரியாது, கையால் தொட்டே கண்டுபிடிக்கிறார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதில் வைத்தியர்களுக்குள் இன்னும் ஒரே கருத்தில்லை. எலும்புத் தேய்வோ, வயது ஏறும்போது நோவே இல்லாதவர்களின் படத்திலும் தெரிவதுதான். என்னைப் பயமுறுத்தப் பயன்பட்டது அந்தத் தேய்வுதான்.

முடிச்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தல், கழுத்தை மெதுவாக இழுத்து நீட்டும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், அரை மணிக்கொரு தடவை மெஷினை விட்டு எழும்புதல் என்பவற்றோடு ஐந்து கிழமையில் தேறினேன். ஒரு சதமும் செலவில்லை.

கழுத்தைச் சடாரென்று முறிக்க யாரையும் விடாதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரலாம். சிகிச்சை தருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கை விறைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, திடீரென்று கடும் தலையிடி வந்தாலோ, உருவுவதற்கு ஆள் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

எடுக்காத ஏழு தடவைக்குரிய 21,000 ரூபாவை இரண்டு முறை போய்க் கேட்டேன். பற்றுச்சீட்டைக் கொண்டுவரச் சொல்கிறார்.